சி டிரைவு மூத்தவனுக்கு

கொஞ்சம் அங்கிட்டு நகந்து உக்காருங்க சார். இது உங்க மேல இடிச்சாலும் எனக்குத்தான் பேச்சு விழும். மேல் தட்டுல வைக்கக் கூடாதாம், கீழ வைக்கக் கூடாதாம், ஆடக் கூடாதாம். கைப்புள்ளையை வச்சிருக்கிற மாதிரி மடியிலயே வச்சுக்கிட்டு மதுரை வரைக்கும் வரணுமாம். கம்ப்யூட்டர் சார், கம்ப்யூட்டரோட பெட்டி. பெட்சீட்டைச் சுத்திக் கொண்டு வர்றேன், ஏன்னா இதைக் கையால தொடவே எனக்கு அருவருப்பா இருக்கு.

இதுக்குள்ள செத்துப்போன ஒரு ஆளோட குரல் இருக்குதாம். அதை வெளிய எடுக்கணுமாம். அழிச்சது நான்தானாம். கொலை பண்ணவன் மாதிரி வீட்டுல பாக்குறாங்க சார். எம் பொண்டாட்டி பூரணம் இருக்கா பாருங்க, அவ கூட காலையில காபியை டேபிள்ல ணங்குன்னு வச்சுட்டுப் போறா. நான் செஞ்சது என்ன, நடந்தது என்ன, நீங்களே கேட்டுட்டு ஒரு நாயம் சொல்லுங்க. உங்களுக்கு நானும் யாரோ, எந் தம்பியும் யாரோ. அப்படி ஆளு சொன்னாத்தான் நாயம் நாயமா இருக்கும்.

எம் பேரு தனுஷ்கோடி. அருப்புக்கோட்டைதான். கூட்டுறவு பண்டகசாலையில சூப்பர்வைசரா இருந்து ரிட்டையர் ஆனவன். எங்கிட்ட இருந்த குடோன்ல பருப்பு வைக்கிற எடத்துல புளி இருந்தது கிடையாது. அது அது அதோட எடத்துல இருக்கணும். என் கொள்கை அம்புட்டுத்தான்.

தம்பி பேரு சௌந்தரம். கல்யாண வீடியோ எடுக்குறான். அவன் மாடியில குடியிருக்கான், நான் கீழ. மாடி வெக்கைன்னு மெஷினை என் ரூம்புலதான் வச்சிருந்தோம், அதுலதான் ரெண்டு பேருக்கும் வேலை. பரோட்டாவைப் பிச்சுத் தின்னுட்டு அதே கையால மௌசைப் பிடிப்பான் சார். சால்னாப் பிசுக்கு. கீபோர்டைக் கவுத்துத் தட்டுனா மிக்சர் விழும், முடி விழும், ஒரு தடவை நகம் விழுந்துச்சு. சீ. அதைப் பாத்த அன்னைக்கு எனக்கு ராத்திரிச் சோறு எறங்கல. நானும் சொல்லிப் பாத்தேன். சரிண்ணே சரிண்ணேம்பான். அடுத்த நாளு அதே சால்னா.

அது போகட்டும். பிரச்சினை ஆரம்பிச்சது பாகம் பிரிச்சதுல.

பழைய மெஷின் மண்டையப் போட்டுருச்சுன்னு ரெண்டு பேரும் சேந்து இதை வாங்குனோம். கடைக்காரன் உள்ள இருக்கிற டிஸ்க்கை மூணு பாகமாப் பிரிச்சுக் குடுத்தான். சி, டி, ஈ. ஏ பி எங்கப்பான்னு கேட்டேன். அதெல்லாம் அந்தக் காலத்து பிளாப்பிக்கு விட்டது, இப்ப சி-யிலதான் ஆரம்பம்ன்னான். சரி, ஆரம்பம் சி. வீட்டுக்கு மூத்தவன் யாரு? நானு. அப்ப சி எனக்கு. இதுல பேச என்ன சார் இருக்கு?

பேசுனான். என்ன சொன்னான் தெரியுமா? "அண்ணே, சி யாருக்கும் பங்கு இல்லண்ணே. அது பொதுக்கிணறு மாதிரி. விண்டோஸ் அதுலதான் இருக்கும், நம்ம போடுற அப்ளிகேசன் பூராம் அதுலதான் உக்காரும். அதைச் சும்மா விட்ரு. நீ டி எடுத்துக்க, எனக்கு ஈ போதும்"ன்னான். எப்பிடி இனிக்க இனிக்கப் பேசுறான் பாருங்க. முதல் பாகத்தை எனக்கு இல்லாமப் பண்ணுறதுக்கு ஒரு கிணத்தை வெட்டுறான்.

எங்க பக்கம் ஒரு முறை உண்டு. மூத்தவன் பாகம் பிரிக்கணும், இளையவன் முதல்ல எடுத்துக்கணும். அப்பத்தான் பிரிக்கிறவன் ஓரவஞ்சனை பண்ண மாட்டான்னு. அதையும் இழுத்தான். "முறைப்படி நான்தானண்ணே முதல்ல எடுக்கணும்"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னான். அது நெலத்துக்குடா, வீட்டுக்குடான்னேன். மெஷினுக்கு எந்த ஊர்ப் பஞ்சாயத்துல அப்படிச் சொல்லியிருக்கு? டி-யை அவன் எடுத்துக்கிட்டான். ஈ குடும்ப போட்டோ வைக்கிறதுக்கு.

பொறவுதான் தெரியுது, சி இருக்கிறதுலயே சின்னது. டி எம்புட்டுப் பெருசுங்கிறீங்க. கடைக்காரனும் இவனும் பேசி வச்சுத்தான் பண்ணியிருக்கானுக. எம் பாகம் கொஞ்ச நாள்லயே ரொம்பிப்போச்சுன்னு செவப்புக் கோடு காட்டிருச்சு, மிச்சத்தை வெளிய ஒரு தனி டிஸ்க்குல போட்டு வைக்க வேண்டியதாப்போச்சு. அப்படி நான் என்ன வச்சுட்டேன்? எல்லாம் தேவையானதுதான். சாமி பாட்டு, பழைய சினிமா, எங்க ஆளுகள்ல கல்யாணத்துக்கு நிக்கிற பொண்ணு மாப்பிள்ளை ஜாதகம், அப்புறம் தெனமும் வர்ற காலை வணக்கம் படங்க. அந்தப் படத்தைச் சாமி வாரியா ஒண்ணு, கிழமை வாரியா ஒண்ணு, அனுப்புன ஆள் வாரியா ஒண்ணுன்னு தனித்தனியா அடுக்கி வச்சிருக்கேன். கேட்டா டக்குன்னு எடுத்துருவேன். அதைப் போயிக் குப்பைங்கிறான் எந் தம்பி.

குப்பை எதுன்னு நான் சொல்றேன். அப்டேட். அதான் சார் குப்பை. நானும் ஆளுகளைப் பாத்திருக்கேன், இந்த அப்டேட் மாதிரி வெக்கங்கெட்ட ஜென்மத்தைப் பாத்ததில்ல. கேக்காம வரும். வந்து எம் பாகத்துல உக்காரும். அவன் வீடியோ வெட்டி ஒட்டுற அப்ளிகேசனுக்கு அப்டேட், அவன் பிரிண்டருக்கு அப்டேட், எல்லாம் அவனுக்கு, எடம் மட்டும் என்னுது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை வெரட்டுன கதை. மூலையில ஒரு கட்டம் வந்து இளிச்சுக்கிட்டு நிக்கும், இப்பப் போடவா, பிறகு போடவான்னு. நான் ஒவ்வொரு தடவையும் பிறகு, பிறகு, பிறகுதான். காறித் துப்பணும் போல வரும். கண்ணாடித் திரையாச்சேன்னு விட்டுருவேன்.

தம்பி கெஞ்சுவான். "அண்ணே, புதுக் கேமரால எடுத்தது பழைய அப்ளிகேசன்ல தொறக்க மாட்டேங்குது. சும்மா ஓட்டிப் பாக்கலாம், ஆனா அப்டேட் போட்டாத்தான் எடிட் பண்ண முடியும். கொஞ்சம் எடம் ஒழிச்சுக் குடுண்ணே. உன் படங்களை டி-யில வச்சுக்க, நான் வேணாம்னா சொல்றேன்?" எம் பொருளு அவன் பாகத்துல போயிக் கெடக்கணுமா? நாளைக்குப் பின்ன ஒண்ணுன்னா, எங்கிட்டதானே வச்சிருந்தேன்னு சொல்லிக்காட்ட மாட்டானா? முடியாதுன்னுட்டேன். மாசக்கணக்கா இதே பேச்சு. அவன் கேட்க, நான் முடியாதுன்னு சொல்ல.

இந்தச் சமயத்துலதான் சங்கிலி மக கல்யாணம் வந்துச்சு. சங்கிலி கொத்தனாரு. எங்க மாடியைக் கட்டுனவரு. கட்டுனது சுமார்தான், மழைக்கு ஒழுகும், செத்தவரைப் பத்தி என்னத்தச் சொல்ல. மக பேரு பவித்ரா. நானும் கல்யாணத்துக்குப் போனேன். ரசத்துல புளி தூக்கல், பந்தியில பாதியில எந்திரிச்சு வந்துட்டேன். நான் வந்த பெறகு அந்த மனுசன் மைக்கைப் பிடிச்சாராம். ஆளு லேசுல வாயத் தொறக்க மாட்டாரு சார், சட்டியத் தா, மட்டத்தைப் பாருங்கிறதுக்கு மேல நான் கேட்டதில்ல. அவரு மணவறைக்கு முன்னாடி நின்னு, மகளுக்குச் சின்னதுல பாடுன தாலாட்டைப் பாடுனாராம். மொதல்ல சிரிச்ச சனம் பெறகு அழுதுச்சாம். எனக்கு அதெல்லாம் பிடிக்காது. சபைன்னா சபை மாதிரி இருக்கணும்.

அதைத் தம்பி புதுக் கேமரால பிடிச்சு வச்சிருந்தான். கல்யாணம் முடிஞ்ச சூட்டோட சூடா, சங்கிலி வேலை செஞ்ச எடத்துல சாரம் சரிஞ்சு விழுந்து போயிச் சேந்துட்டாரு.

வீடியோ அப்ப எங்க இருந்துச்சு? டி-யில. ஏன் இன்னும் எடிட் பண்ணிக் குடுக்கல? அப்டேட் இல்லையாம், தொறக்கலையாம். அதுக்கும் நானே காரணம்னு மாடிப்படியில நின்னு எம் பொண்டாட்டிக்கிட்டச் சொல்லியிருக்கான். எனக்குக் காதுல விழுந்துச்சு. சுருக்குன்னு இருந்துச்சு சார். சரிடா, உனக்கு அப்டேட் போட எடம்தானே வேணும், நானே பண்ணித் தர்றேன்னு முடிவு பண்ணேன். இதை நல்லா ஞாபகத்துல வைங்க. அவனுக்காகத்தான் பண்ணேன்.

சங்கிலி வீட்டுல கருமாதிக்கு அவன் போயிருந்தான். நான் யூடியூப்பைப் போட்டு உக்காந்தேன். ஒருத்தன் வணக்கம் நண்பர்களேன்னு ஆரம்பிச்சு, சி-யைப் பெருசாக்குறது எப்படின்னு அழகாச் சொல்றான். டிஸ்க் மேனேஜ்மெண்ட்ன்னு ஒண்ணு இருக்கு, அதைத் தொறந்தா மூணு பாகமும் பிளாட்டுப் போட்ட மாதிரி வரிசையாத் தெரியும். ஈ-யில இருந்து கொஞ்சம் எடுத்து சி-யில சேப்போம்னு பாத்தேன். ஒத்துக்க மாட்டேங்குது. ஒட்டுன எடம் காலியா இருந்தாத்தான் சேக்க முடியுமாம். சி-க்கு ஒட்டுன எடம் எது? டி. மெஷினே சொல்லுது சார், உந் தம்பி எடத்தை எடுத்தாத்தான் ஆகும்னு. இதுல எம் பேராசை எங்க வந்துச்சு?

பொறுப்பில்லாம அழிச்சேன்னு மட்டும் யாரும் சொல்லக் கூடாது. ஆத்துல போட்டாலும் அளந்து போடுறவன் நான். மொதல்ல அவன் சாமான் எல்லாத்தையும் எடுத்து வச்சேன். டெஸ்க்டாப்புல வரிசையா வச்சிருப்பான், பவித்ரா கல்யாணம், இன்னார் வளைகாப்பு, இன்னார் காதுகுத்துன்னு. ஓரத்துல சின்ன அம்புக்குறி போட்டு மஞ்சக் கலர்ல இருக்கும். அம்புட்டையும் சேத்துப் பிடிச்சு, தம்பி சாமான்னு ஒரு போல்டர் போட்டு அதுல காப்பி பண்ணேன். ஒரு நொடி சார். கண்ணை மூடித் தொறக்கிறதுக்குள்ள காப்பி ஆயிருச்சு. இதுக்கா இவன் இத்தனை நாளா ஏயப்பா பெரிய சைஸ், பெரிய சைஸ்ன்னு பீத்துனான்னு சிரிப்பு வந்துச்சு. பெறகு டி-யை அழிச்சேன். உள்ள இருக்கிறது எல்லாம் போயிரும், சம்மதமான்னு கேட்டுச்சு. அது எதுக்குத்தான் கேக்காது? சம்மதம்னேன். எடம் காலி ஆச்சு, சி-யோட சேத்தேன். செவப்புக் கோடு போயி நீலம் வந்துச்சு பாருங்க, மனசுக்கு அம்புட்டு நிறைவு.

மறுநாளு அந்தப் பொண்ணு பவித்ராவும் அவங்க அம்மா ராக்கம்மாவும் வந்தாங்க. எடிட் எல்லாம் வேணாம்ண்ணே, அப்பா பாடுனதை மட்டும் ஒரு தடவை கேக்கணும்னு வந்திருந்தாங்க. செல்போன்ல யாரும் பிடிக்கலையான்னு நான் கேட்டேன். பாட்டுப் பாடப் போறாருன்னு யாருக்குண்ணே தெரியும்னுச்சு அந்தம்மா. சேர்ல உக்காருன்னா உக்காரல, தரையில உக்காந்துக்கிருச்சு. காபி குடுத்தாக் குடிக்கல. வீட்டுக்கு வந்தவங்க காபியைக் குடிக்காம ஆற விட்டு, மேல ஆடை கட்டிப்போயி, அதுல ஈ ஒக்காந்து. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன்.

தம்பி மெஷின் முன்னாடி உக்காந்து அந்த மஞ்சப் படத்தைத் தட்டுனான். தொறக்கல. இது காட்டுற எடத்துல ஒண்ணும் இல்லைன்னு ஒரு கட்டம் வந்துச்சு. திரும்பத் தட்டுனான். பெறகு உள்ள போயிப் பாத்தான். சி இருக்கு, ஈ இருக்கு.

"டி எங்கண்ணே?"ன்னான்.

"சேத்தாச்சு. உன் சாமான் எல்லாம் பத்திரமா போல்டர்ல எடுத்து வச்சிருக்கேன், பாரு"ன்னேன்.

பாத்தான். அந்தப் போல்டரைத் தொறந்து ஒவ்வொண்ணாத் தட்டிப் பாத்தான். "அண்ணே, இது வெறும் வழிகாட்டிப் பலகைண்ணே. வீடு டி-யில இருந்துச்சு"ன்னான். கத்துவான்னு பாத்தேன் சார். கத்தல. கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன், கணக்கு முடிஞ்சிருக்கும். குனிஞ்சு பிளக்கைப் பிடுங்கிட்டான்.

அந்தப் பொண்ணுக்கு வெளங்கல. "என்னண்ணே, கரண்டு போச்சா?"ன்னு கேட்டுச்சு. ராக்கம்மாதான் என் மூஞ்சியையும் அவன் மூஞ்சியையும் மாறி மாறிப் பாத்துட்டு, "அந்த மனுசன் கொரலு போயிருச்சாய்யா?"ன்னுச்சு. ஒரே ஒரு காப்பி வச்சிருந்தது யாரு தப்பு? கேமரா கார்டுல இருந்ததை அடுத்த கல்யாணத்துக்காக அழிச்சது யாரு தப்பு? இதை அங்கயே கேட்டேன். பூரணம் என் கையப் பிடிச்சு வெளிய இழுத்துட்டு வந்துட்டா. எம் பொண்டாட்டி, வெளியாளுக முன்னாடி, என்னைய.

காரியாபட்டி வந்துருச்சா? பஸ்ஸுல என்ன சார் இப்படிக் கருவாட்டு நாத்தம்.

பெறகு தம்பி யார் யாருக்கோ போன் போட்டு, மதுரையில அழிஞ்சதை எடுத்துத் தர்ற ஒரு அம்மாவைப் பிடிச்சான். ஸ்பீக்கர்ல போட்டுப் பேசுனான், நானும் கேட்டேன். அந்தம்மா பதறாமச் சொல்லுச்சு. "பாகத்தை அழிச்சா உள்ள இருக்கிறது உடனே போயிறாதுங்க. எடம் காலின்னு போர்டு மாட்டுன மாதிரிதான், பொருள் அப்படியே கெடக்கும். அது மேல வேற பொருள் வந்து உக்காந்துட்டாத்தான் போச்சு. அதனால ஆன் பண்ணாதீங்க, புதுசா எதையும் ஏத்தாதீங்க, அப்படியே கொண்டாங்க. முக்கால்வாசி எடுத்துறலாம்"ன்னுச்சு. அந்த ராக்கம்மா அப்பத்தான் சார் காபியை எடுத்து வாயில வச்சுச்சு. ஆறிப்போன காபியை. எனக்கு ஒடம்பு கூசிருச்சு.

இன்னைக்குத் தம்பிக்கு ஒரு முகூர்த்தத்துல வீடியோ வேலை, கடன் வாங்குன லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு விடியக்காலமே போயிட்டான். தாயும் மகளும் முந்துன பஸ்ஸுல மதுரைக்குப் போயாச்சு, மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல நிப்பாங்க, அவங்களைக் கூட்டிக்கிட்டுத்தான் நான் அந்த அம்மாகிட்டப் போகணும். தம்பி போறப்ப என்கிட்ட வந்து, "அண்ணே, உன் கால்ல வேணா விழுறேன், இதை மட்டும் ஆன் பண்ணிராத"ன்னான். பிளக்கு வயரைக் கூடச் சுருட்டிப் பூரணத்துக்கிட்டக் குடுத்துட்டுப் போயிருக்கான். சொந்த அண்ணனை நம்பல. ஒரு வயரு. வேற வயரு வீட்டுல கெடைக்காதா, அந்தப் பிரிண்டர் வயரே இதுக்குச் சேரும்.

நான் யோசிச்சேன் சார். நிதானமா உக்காந்து யோசிச்சேன். அந்த வீடியோ ஏன் தொறக்க மாட்டேங்குது? இவனே இம்புட்டு நாளாச் சொன்ன காரணம்தானே, அப்டேட் இல்ல. டி இருந்தப்பவே தொறக்காத வீடியோ, இப்ப டி போனதாலதான் தொறக்கலைன்னு எப்படிச் சொல்ல முடியும்? இப்பத்தான் எம் பாகத்துல எடம் இருக்கே. அப்டேட்டைப் போட்டு விட்டா முடிஞ்சுது. மதுரை வரைக்கும் போயி, அறியாத பொம்பளை முன்னாடி, அப்டேட் கூடப் போடாம மெஷினைத் தூக்கிட்டு வந்திருக்கானேன்னு மானம் போக வேண்டாம் பாருங்க. எனக்கு அப்டேட்டுன்னாலே வாந்தி வரும். ஆனாலும் அந்தப் பொண்ணு மூஞ்சி கண்ணுக்குள்ளயே நிக்குது. அதுக்காகப் போட்டு விட்டேன்.

அவன் அப்ளிகேசனுக்கு, விண்டோஸுக்கு, நிலுவையில நின்ன எல்லாத்துக்கும். இத்தனை நாளாப் பிறகு பிறகுன்னு தள்ளுனது பூராம் மொத்தமா வந்து எறங்குச்சு. மூலையில அந்தக் கட்டம் ஒண்ணு கூட இல்லாமத் தொடச்ச மாதிரி ஆயிருச்சு. அது ஓடிக்கிட்டு இருக்கும்போதே, எடமில்லாம வெளிய ஒரு தனி டிஸ்க்குல போட்டு வச்சிருந்த என் சினிமா, ஜாதகம், காலை வணக்கம் எல்லாத்தையும் உள்ள கொண்டாந்து சேத்துட்டேன். புதுசா எதையும் ஏத்தலையே சார், எல்லாம் பழைய படம்தானே. தொறந்து பாத்தீங்கன்னா, டி இருந்த எடத்துல ஒரு இம்மி கூடக் காலி இல்ல. குடோன்ல மூட்டை அடுக்குன மாதிரி நெரிச்சு அடுக்கியிருக்கேன். கடைசியா ரீஸ்டார்ட் பண்ணவான்னு கேட்டுச்சு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு நிறுத்திட்டேன். அந்தம்மா ஆன் பண்ணா அதுவாத் தொறந்துரும்.

நாயம் சொல்லுங்கன்னுதானே கேட்டேன். என்னமோ நானும் அழுக்கு மாதிரி தள்ளி உக்காருறீங்க.

சரி விடுங்க. நல்லதுக்குக் காலம் இல்ல. மாட்டுத்தாவணி வந்துருச்சு, கொஞ்சம் வழி விடுங்க. அந்தா, தூணுக்குப் பக்கத்துல நிக்கிறாங்க பாருங்க, அதான் ராக்கம்மா, இந்தப் பக்கம் அந்தப் பொண்ணு. பஸ்ஸு நிக்கிறதுக்குள்ள ஓடி வருது, பொம்பளைப் புள்ளைக்கு என்ன அவசரம். காதுல மாட்டுற வயரைக் கழுத்துல போட்டுட்டே வந்திருக்கு, எடுத்த ஒடனே கேக்குறதுக்காம். ரெண்டு கையையும் நீட்டுது பாருங்க, பெட்டியைத் தான் தூக்கிக்கிறேன்னு. தூக்கட்டும். எனக்குத்தான் இதைத் தொடப் பிடிக்கலையே.